புற்றுநோய் வரைபடத்துக்கு எல்லை பிரிப்பது எப்படி

புற்றுநோய்ப் பதிவேட்டு வேலைக்கு வந்த புதிதில் குறுவட்ட (பிர்கா, தாலுகாவுக்குள் இருக்கும் வருவாய்ப் பிரிவு) அளவில் ஒரு வரைபடம் போட்டேன். ஒரு குறுவட்டம் மட்டும் அடர் சிவப்பாக வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும், "அங்கே என்ன ஆலை இருக்கு?" என்று கேட்டார்கள். ஆலையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வருஷம் அங்கே மூன்று பேருக்கு வாய்ப்புற்றுநோய். முந்தைய வருஷம் ஒருவருக்கும் இல்லை.

ஒன்றை நோயாளி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், நோய் விகிதம் தற்செயலாகவே எவ்வளவு ஆடும் என்று தெரிந்துவிடும். 100 பேர் என்றால் 10 சதவீதம், 16 பேர் என்றால் 25. பதினாறுக்குக் கீழே நான் நிறமே அடிப்பதில்லை, சாம்பல்தான்.

சரி, எந்த எல்லை? பின்கோடு வேண்டாம். அது தபாலுக்குப் பிரித்தது, சென்சஸ் அதன்படி ஆள் எண்ணுவதில்லை. ஊராட்சி ஒன்றியம் வட்டார மருத்துவ அலுவலருக்கு வசதி, ஆனால் நகராட்சி அதற்குள் வராது. எனக்கு வட்டம்தான் (தாலுகா) ஒத்துவருகிறது. மாவட்டப் பெயரை நம்பாமல் கிராமத்தின் சென்சஸ் எண்ணைப் பதியுங்கள்: 2011இல் 32 மாவட்டங்கள், இப்போது 38. தென்காசிக்காரரின் பழைய கோப்பில் திருநெல்வேலி என்றே இருக்கும்.

சிறிய வட்டங்களைப் பக்கத்து வட்டத்தோடு சேர்க்கலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. வால்பாறையில் 2011 சென்சஸ்படி சுமார் 71 ஆயிரம் பேர். லட்சத்துக்கு 100 புதிய நோயாளிகள் என்று வைத்தால் ஆண்டுக்கு 71. கருப்பைவாய்ப் புற்றுநோயை மட்டும் பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். பொள்ளாச்சியோடு சேர்த்தால் எண்ணிக்கை கூடும், உண்மைதான். ஆனால் நடுவில் 40 கொண்டை ஊசி வளைவு. மேலே தேயிலைத் தோட்டம், கீழே தென்னந்தோப்பு. சேர்த்தால் மலைக்காரர்கள் கணக்கில் கரைந்துபோவார்கள். அங்கே பக்கத்து வட்டத்தைச் சேர்க்காமல், ஐந்து வருஷக் கணக்கைச் சேர்த்துவிடுவேன்.

முகவரியில் ஏமாறாதீர்கள். சிகிச்சைக்கு வந்தவர் கோவையில் இருக்கும் மகள் வீட்டு முகவரியைத்தான் தருவார். "ஒரு வருஷமா எங்கே இருக்கீங்க, ரேஷன் எந்த ஊர்ல?" என்று கேளுங்கள். புதூர் என்றால், எந்தப் புதூர் என்றும்.

எல்லைக் கோடுகளை முடிவுசெய்து பூட்டிய பிறகே நோயாளி கோப்பைத் திறக்க வேண்டும். ஒருமுறை மாற்றிச் செய்தேன். சிவப்பு வந்த ஊரைத் தனியாகப் பிரிக்கவே கை போனது.