'ட்ரூ வெஸ்ட்' நாடகத்தின் கருப்பொருள்களைப் பிடிப்பது எப்படி

அமெரிக்க நாடகாசிரியர் சாம் ஷெப்பர்டின் 'ட்ரூ வெஸ்ட்' 1980-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதன்முதலாக மேடையேறிய நாடகம். இதைப் படித்துவிட்டு "அண்ணன் தம்பிக்குள் பொறாமை" என்று ஒரே வரியில் கட்டுரையை முடித்துவிடாதீர்கள், அது டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடும். வசனத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, டைப்ரைட்டர், கார் சாவி, டோஸ்டர் எல்லாம் எப்போது யார் கையில் இருக்கின்றன என்று 9 காட்சிகளிலும் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் டைப்ரைட்டர் தம்பி ஆஸ்டினிடம். அம்மா அலாஸ்கா போயிருக்க, அவர் வீட்டில் உட்கார்ந்து திரைக்கதை எழுதுகிறான். அண்ணன் லீ அக்கம்பக்கத்தில் டிவி திருடுகிறவன். லீ வாய்க்கு வந்தபடி சொன்ன கௌபாய் கதையைத் தயாரிப்பாளர் சால் எடுத்துக்கொண்டு ஆஸ்டினுடையதைத் தூக்கிப் போட்டதும் எல்லாம் புரள்கிறது: லீ டைப்ரைட்டரில் ஒரு வரி அடிக்கத் திணறி கடைசியில் அதை அடித்தே நொறுக்குகிறான், ஆஸ்டினோ குடித்துவிட்டு ஒரு கூட்டம் டோஸ்டர்களைத் திருடி வந்து வரிசையாக ரொட்டி வாட்டுகிறான். சிரிப்புக் காட்சிதான், ஆனால் நாடகத்தின் மையமே இங்கேதான். ஒருவனுக்குள்ளே மற்றவன் ஏற்கெனவே இருந்தான் என்பது இங்கே வெட்டவெளிச்சமாகிறது. 2000-ல் பிராட்வேயில் பிலிப் சீமோர் ஹாஃப்மனும் ஜான் சி. ரைலியும் இரண்டு வேடங்களையும் மாற்றி மாற்றி நடித்தார்கள், கட்டுரைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அடுத்து தலைப்பு. 'ட்ரூ வெஸ்ட்' என்றால் 'உண்மையான மேற்கு', அதாவது கௌபாய் கதைகளில் வரும் அமெரிக்க மேற்கு. அது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். லீயின் கதை நம்பும்படி இல்லை என்கிறான் ஆஸ்டின், அதுதான் அசல் என்கிறார் சால். இதில் சாலை நம்பிவிடாதீர்கள், அவர் வியாபாரி.

அப்புறம் மேடைக்கே வராத அப்பா. பாலைவனத்தில் குடித்துக் கிடக்கிறவர். அவர் பல்செட்டைத் தொலைத்த கதையை ஆஸ்டின் சொல்லும் இடத்தை இரண்டு தடவை படியுங்கள். மகன்கள் இருவரும் எதற்குப் பயப்படுகிறார்கள், எதை நோக்கி ஓடுகிறார்கள் என்பது அங்கே கலந்து கிடக்கிறது.

அம்மாவுக்கு ஒரு பத்தி போதும். ஆனால் கடைசிக் காட்சியில் ஆஸ்டின் டெலிபோன் ஒயரால் லீயின் கழுத்தை நெரிக்கும்போது அவர் மோட்டலுக்குக் கிளம்பிப் போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். யார் ஜெயித்தார்கள் என்றும் எழுத வேண்டாம், லீ மறுபடி எழுந்து வழியை மறிக்கும்போதே விளக்கு அணைந்துவிடுகிறது.