பாங்காக்கில் பழைய நகரத்துக்குப் போக ஒரு வழி

பாங்காக்கின் சுகும்வித் சாலைப் பக்கம் தங்கியிருந்தேன். பழைய நகரத்தில் இருக்கும் வாட் சாகேட் பொன்மலைக் கோயிலுக்கு எப்போது கிளம்பினாலும் டாக்ஸி நெரிசலில் நின்றுவிடும். பேருந்துக்கும் அதே கதிதான். பிடிஎஸ் என்ற மேம்பால ரயில் நேஷனல் ஸ்டேடியம் நிலையத்தோடு முடிந்துவிடுகிறது, பழைய நகரத்துக்குள் போவதில்லை.

கடைசியில் கைகொடுத்தது சென் செப் கால்வாய்ப் படகு. பெட்சபுரி மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலேயே அசோக் படகுத்துறை இருக்கிறது. நான் மேற்கே போகும் படகில் ஏறி, நடத்துநரிடம் பொன்மலைக்குப் பக்கத்துத் துறையான "பான்ஃபா" பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கினேன். முக்கியமான விஷயம், பிரதுநாம் துறையில் எல்லாரும் இறங்கி வேறு படகுக்கு மாற வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவீர்கள். சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த படகுக்கும் அதுதான். ஓரத்து இருக்கையில் தண்ணீர் தெறிக்கும். பக்கத்தில் இருக்கும் கயிற்றை இழுத்தால் தார்ப்பாய் மறைப்பு மேலேறும். பான்ஃபாவில் இறங்கினேன், அங்கிருந்து பொன்மலை பொடிநடைதான்.