நெதர்லாந்தையும் பெல்ஜியத்தையும் ஒரே தராசில் வைக்கும் முன்

நெதர்லாந்தில் பழைய பொருள் விற்கும் கடைக்கு 'கிரிங்லோப்விங்கல்' என்று பெயர். எல்லை தாண்டி பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குப் போனால் 'கிரிங்விங்கல்'. பேசும் மொழியும் ஒன்றுதான், டச்சு. இரண்டு இடத்திலும் சைக்கிள், அலமாரி, காபிக் கோப்பை, குழந்தைச் சட்டை என்று யாரோ வேண்டாம் என்று கொடுத்தவை விலை ஒட்டி நிற்கும். எந்த நாடு பழைய பொருளை அதிகம் மறுபயன்படுத்துகிறது என்று ஒப்பிட இதைவிடத் தோதான ஜோடி கிடைக்குமா என்று தோன்றும். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நெதர்லாந்தில் அந்தச் சொல், நம் ஊர் 'காயலான் கடை' மாதிரி, பொதுப்பெயர். நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு நடத்துகிறவர், தேவாலயத்துத் தன்னார்வலர்கள், லாபத்துக்காகவே கடை வைத்தவர் எல்லோரும் அதே பலகையை மாட்டிக்கொள்ளலாம். ஃபிளாண்டர்ஸில் 'கிரிங்விங்கல்' ஒரு கூட்டு வணிகப் பெயர். ஓவாம் என்ற அரசுக் கழிவு நிறுவனம் அங்கீகரித்த மறுபயன்பாட்டு மையங்களின் கடைகளுக்குத்தான் அந்தப் பெயர். பலகையை எண்ணி 'நெதர்லாந்தில் இத்தனை, பெல்ஜியத்தில் இத்தனை' என்று எழுதினால், பலசரக்குக் கடைகளையும் ரேஷன் கடைகளையும் சேர்த்து எண்ணியது போல ஆகிவிடும்.

அப்புறம், 'பெல்ஜியத்தில்' என்ற சொல்லே சிக்கல். அங்கே கழிவு விஷயம் மத்திய அரசின் கையில் இல்லை. ஃபிளாண்டர்ஸ், வலோனியா, பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று பிராந்தியங்களுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி இலக்கு. ஃபிளாண்டர்ஸின் எண்ணை எடுத்து முழு பெல்ஜியத்தின் தலையில் வைக்கும் கட்டுரைகளை அடிக்கடி பார்க்கிறேன்.

கிலோ கணக்கும் ஏமாற்றும். ஃபிளாண்டர்ஸ் 2015-க்குள் ஆளுக்கு ஆண்டுக்கு 5 கிலோ மறுபயன்பாடு என்று இலக்கு வைத்தது. அடுத்து 2022-க்குள் 7 கிலோ. இதில் எண்ணப்படுவது கடை வாசலில் வந்து இறங்கிய எடை அல்ல, இன்னொருவர் கைக்கு மறுபடி போய்ச் சேர்ந்த எடை. இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு ஊரின் 'சேகரித்த எடை'யை வைத்தால், பின்னது பெரிதாகத் தெரிவதில் அதிசயமில்லை. வந்ததில் ஒரு பகுதி மறுசுழற்சிக்கோ எரிக்கவோ போகும். துணியில் நிறைய மூட்டை கட்டி வேறு நாட்டுக்கு ஏறும். எடையிலேயே இன்னொரு கோணலும் உண்டு. ஒரே ஒரு தேக்கு அலமாரி, ஒரு தெருவின் குழந்தைகள் போட்டுக் கழித்த சட்டை மொத்தத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

'விற்பனை இவ்வளவுதானா, இத்தனை ஆட்கள் எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு. கிரிங்விங்கல் பாதி கடை, பாதி வேலைத் திட்டம். நெடுநாள் வேலையின்றி இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, அரசு மானியத்தோடு, பழக்கி நிறுத்துவது அதன் வேலையில் சரிபாதி. ஆள் குறைவாக இருப்பதைத் திறமை என்று எண்ணும் அளவுகோல் அங்கே தலைகீழாகிவிடும்.

பாட்டிலுக்கு வருவோம். அதிகக் குழப்பம் இங்கேதான். நெதர்லாந்தில் சிறிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2021 ஜூலையிலிருந்தும், உலோக கேனுக்கு 2023 ஏப்ரலிலிருந்தும் 15 சென்ட் வைப்புத்தொகை. வாங்கும்போதே விலையோடு அதைக் கட்டிவிட வேண்டும், காலியானதைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு திரும்பும். பெல்ஜியத்தில் இந்த இரண்டுக்கும் அப்படி ஒன்று இல்லை. வீட்டில் நீலப் பையில் போட்டுக் கட்டி வாசலில் வைப்பார்கள். உடனே 'பெல்ஜியத்துக்கு அக்கறை இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நீலப் பையும் சேகரிப்புதான், வழிதான் வேறு. தவிர, பியர் கண்ணாடி பாட்டிலுக்கு பெல்ஜியத்திலும் வைப்புத்தொகை உண்டு. திரும்பி வரும் அந்த பாட்டில்கள் கழுவி மறுபடி நிரப்பப்படுகின்றன. அதுதான் மறுபயன்பாடு. நெதர்லாந்தில் இயந்திரத்தில் திணித்து 15 சென்ட் வாங்கும் கேன் நசுக்கி உருக்கப்படுகிறது. அது மறுசுழற்சி. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

பக்கத்தில் ஜெர்மனியைச் சேர்த்தால் இன்னும் வேடிக்கை. அங்கே கழுவி மறுபடி நிரப்பப்படும் பியர் பாட்டிலுக்கு 8 சென்ட், ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட். காசு அதிகமாகத் திரும்பி வருவது நல்ல பாட்டிலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறவர் ஏமாந்துபோவார். அதனால் வைப்புத்தொகையின் அளவை வைத்து ஒரு நாட்டின் மனசை அளக்க முடியாது. எதற்காக வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022-ல் கொண்டுவந்தபோது, நோக்கம் காட்டில் கண்ணாடிச் சில்லு கிடக்கக் கூடாது என்பதுதானே.

பழுது பார்க்கும் குழுக்களை எண்ணும்போதும் பெயர் வழி மறிக்கும். உடைந்த பொருளைக் கொண்டுவந்து தன்னார்வலர்களோடு சேர்ந்து சரிசெய்யும் கூட்டத்துக்கு 'ரிப்பேர் கஃபே' என்று பெயர். மார்ட்டினே போஸ்ட்மா என்பவர் முதல் கஃபேயை ஆம்ஸ்டர்டாமில் 2009 அக்டோபரில் கூட்டினார். பெயரும் முறையும் நாடு நாடாகப் பரவின. ஜெர்மனியில் அதே வேலையை வேறு பெயர்களில் செய்யும் குழுக்கள் ஏராளம். மியூனிக்கில் உள்ள ஓர் அறக்கட்டளை அவர்களை இணைத்துத் தனி வலையமைப்பு நடத்துகிறது. 'ரிப்பேர் கஃபே' என்ற பெயரில் இருப்பவற்றை மட்டும் எண்ணினால் ஜெர்மனி இளைத்துத் தெரியும்.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் ஏறாத பொருள். நெதர்லாந்தில் நல்ல நிலையில் இருக்கும் சோபா முதலில் மார்க்ட்பிளாட்ஸ் இணையச் சந்தைக்குத்தான் போகும். விலை போகாதது கடைக்கு வரும். ஏப்ரல் 27, அரசர் தினத்தன்று யார் வேண்டுமானாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் விரிப்பு போட்டு விற்கலாம். காலையிலேயே குழந்தைகள் தங்கள் பழைய பொம்மைகளோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மதியத்துக்குள் அதில் பாதி வேறு குழந்தைகளின் கையில் இருக்கும், ஒரு கிலோகூட எங்கும் பதிவாகாமல்.