கெட்டிஸ்பர்க் போர்க்களம்: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அடிமை முறையை ஒட்டி அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரின் களம், பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க். அந்தப் போர்க்களத்துக்கு மதில் கிடையாது, வாசல் கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஏறக்குறைய 6,000 ஏக்கர் வயலும் தோப்பும் குன்றும் ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன. ஊர்ச் சாலைகளே அவற்றின் ஊடாகப் போகின்றன. இது தெரியாமல், பார்வையாளர் மையத்தில் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் டிக்கெட்டையே பூங்காவுக்கான டிக்கெட் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். உள்ளே இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, வெளியே ஒரு பீரங்கிக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, ஹெர்ஷி சாக்லேட் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்தைக் குறை சொல்லவில்லை. 1880களில் வரையப்பட்ட 377 அடி நீள வட்டச் சித்திரம் ஒன்றுக்காகவே அங்கே போகலாம். ஆனால் சண்டை நடந்த நிலம் வெளியே இருக்கிறது. அதற்குக் குறைந்தது ஒரு முழுப் பகலாவது வேண்டும்.

அடுத்த தவறு, நேரே லிட்டில் ரவுண்ட் டாப் குன்றுக்குப் போவது. பெயர் பெற்ற இடம், காட்சியும் அழகு, கார் நிறுத்த மட்டும் இடம் போதாது. அங்கே சண்டை நடந்தது இரண்டாம் நாள். போர் 1863 ஜூலை 1 முதல் 3 வரை மூன்று நாள் நடந்தது. தொடங்கியது ஊருக்கு மேற்கே, மெக்ஃபர்சன் மேட்டில். தெற்கத்தியப் படை வடக்கிலும் மேற்கிலும் இருந்து வந்தது, வடக்கத்தியப் படை தெற்கிலிருந்து வந்தது. இந்தத் தலைகீழ் புரியாவிட்டால் எந்தக் குன்றில் நின்றாலும் யார் யாரைச் சுட்டார்கள் என்றே பிடிபடாது. பூங்கா வரைபடத்தில் உள்ள 24 மைல் கார் பாதை நாள் வரிசையில்தான் போகிறது. அதன்படியே போங்கள்.

நினைவுச்சின்னங்கள் 1,300க்கும் மேல். எல்லாவற்றையும் படிக்கப் புகுந்தால் மதியத்துக்குள் கண் சோர்ந்துவிடும். இரண்டு குறிப்புகள் தெரிந்தால் போதும். பிரிகேடு எனும் பெரும் படைப்பிரிவுகளுக்கான வெண்கலப் பலகைகளில், சதுரப் பீடம் என்றால் வடக்கு, வட்டப் பீடம் என்றால் தெற்கு. வடக்கத்திய ரெஜிமென்ட் (பிரிகேடுக்குள் அடங்கும் சிறு பிரிவு) சின்னங்களின் இருபுறமும் சற்றுத் தள்ளி முழங்கால் உயரத்தில் சிறு கற்கள் நிற்கும். அந்த அணி வரிசையின் இடக்கோடியும் வலக்கோடியும் அவை. பெரும்பாலோர் அவற்றை எல்லைக்கல் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். ஒரு கல்லிலிருந்து மறு கல்வரை நடந்து பாருங்கள். சில நூறு பேர் தோளோடு தோள் நின்ற அகலம் கால்களுக்கே தெரியும். சிலைக் குதிரையின் ஒரு கால் தூக்கியிருந்தால் வீரர் காயம்பட்டார், இரு கால் தூக்கியிருந்தால் மாண்டார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். தெற்கத்தியத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் சிலையில் குதிரையின் ஒரு கால் தூக்கியிருக்கிறது. அவர் இங்கே காயம்படவே இல்லை.

என்னைக் கேட்டால், பெரிய இழப்பு, தெற்கத்தியத் தளபதி பிக்கெட்டின் பெயரால் வழங்கும் தாக்குதல் நடந்த வயலைக் காரிலிருந்தே பார்த்துவிட்டுப் போவதுதான். மூன்றாம் நாள் பிற்பகலில் சுமார் 12,500 தெற்கத்திய வீரர்கள் முக்கால் மைலுக்கும் மேல் திறந்த வெளியில் நடந்து வந்தார்கள்; ஏறக்குறைய பாதிப் பேர் மாண்டோ, காயமுற்றோ, பிடிபட்டோ போனார்கள். அவர்கள் புறப்பட்ட பக்கத்தில் உள்ள வர்ஜீனியா நினைவுச்சின்னத்தடியில் நின்று பார்த்தால் நிலம் தட்டையாகத்தான் தெரிகிறது. இதில் போய் ஏன் நடந்தார்கள், பைத்தியக்காரத்தனம் அல்லவா என்று தோன்றும். இறங்கி நடந்தால் நிலம் மெல்லத் தாழ்கிறது. எதிரே தெரிந்த மரக்கூட்டம் சில இடங்களில் பார்வையிலிருந்து மறைந்தே போகிறது. பள்ளத்தில் இருக்கும்வரை ஓரளவு மறைவு உண்டு. எம்மிட்ஸ்பர்க் சாலையை எட்டும்போது அந்த மறைவு போய்விடுகிறது. அன்றைக்கு அங்கே ஏறித் தாண்ட வேண்டிய மரவேலிகள் வேறு. தாக்கச் சொன்ன தெற்கத்தியப் படைத்தலைவர் லீயின் முடிவைச் சரி என்று இந்த நடை சொல்லாது. ஆனாலும் அந்த வீரர்களுக்கு எந்த இடம்வரை நம்பிக்கை இருந்திருக்கும் என்பதைச் சொல்லும். இன்று அந்தச் சாலையில் வாகனங்கள் வேகமாக வருகின்றன, பார்த்துக் கடக்கவும்.

டெவில்ஸ் டென் பாறைகளுக்கு நடுவே ஒரு கற்சுவரடியில் நின்று படம் எடுக்கக் கூட்டம் இருக்கும். அங்கே இறந்து கிடந்த துப்பாக்கி வீரனின் பழைய புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. வேறிடத்தில் கிடந்த உடலைப் படத்துக்காகப் புகைப்படக்காரர்கள் அங்கே தூக்கி வந்து கிடத்தினார்கள் என்பது பின்னாளில் தெரியவந்தது. அது தெரிந்த பிறகும் அங்கே படுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் துணிச்சல் எனக்குப் புரிவதில்லை.

சின்னத்தில் பொறித்த வாசகத்தை அப்படியே நம்புவதும் தவறு. முதலில் ஆண்டைப் பாருங்கள். மாநிலங்களின் உரிமை புனிதமானது என்று பறைசாற்றும் தென் கரோலினா சின்னம் போர் முடிந்து ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1963இல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது எழுந்தது. அடிமை முறை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள, செமெட்ரி மேட்டில் வெள்ளையடித்த சிறு வீடு ஒன்று நிற்கிறது, அங்கே போங்கள். ஆபிரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் வீடு அது. லீயின் படை பென்சில்வேனியாவில் கண்ட கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக ஓட்டிச் சென்றதால், அவர் குடும்பத்தோடு முன்பே தப்பி ஓடவேண்டியிருந்தது.

51,000 பேர் இறந்தார்கள் என்று பலர் சொல்லக் கேட்கலாம். அது மாண்டவர், காயமுற்றவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாரையும் சேர்த்த கணக்கு. தேசிய வீரர் கல்லறையில் 3,500க்கும் மேற்பட்ட வடக்கத்திய வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 979 பேருக்குப் பெயர் இல்லை, சதுரச் சலவைக்கல்லில் எண் மட்டும். தெற்கத்திய வீரர்களை அங்கே தேடாதீர்கள். அவர்களில் பெரும்பாலோரின் எச்சங்களை 1870களில் ரிச்மண்ட் முதலிய தெற்கத்திய நகரங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றைய அதிபர் லிங்கன் இந்தக் கல்லறைத் திறப்பில் ஆற்றிய உரைக்கான நினைவுச்சின்னம் இருக்கும் இடத்தில் அவர் உரையாற்றவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். கல்லறைக்குள் நாயைக் கூட்டிப்போக அனுமதி இல்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். பீரங்கியின் மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பழைய குண்டு கண்ணில் பட்டால் எடுக்காமல் ரேஞ்சரிடம் (பூங்காக் காவலரிடம்) சொல்லுங்கள். உலோகம் கண்டறியும் கருவிக்கும் டிரோனுக்கும் தடை. கோடையில் புல்லில் உண்ணி அதிகம், லைம் நோயைப் பரப்பும். அரைக்கால் சட்டையோடு வயலில் இறங்காதீர்கள்.

1915 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இங்கே இருக்கிறார்கள். கடினமான தேர்வு எழுதித் தேறியவர்கள். உங்கள் காரையே அவர்கள் ஓட்டிக்கொண்டு விளக்குவார்கள். விடுமுறை நாட்களில் முன்பதிவு இல்லாமல் கிடைப்பது அரிது. ஏறி உட்கார்ந்ததுமே, பிக்கெட் வயலில் இறங்கி நடக்க விரும்புகிறோம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மணி நேரச் சுற்றில் அதற்கு அவகாசம் இருக்காது; அதற்கு ஏற்றபடி பாதையை அமைக்கச் சொல்லலாம்.