கேர்ட்டனுக்கு எவ்வளவு துணி? ஏழு அங்குலம் குறைந்துபோன கதை

எங்கள் வீட்டு ஹோல் யன்னல் கேர்ட்டனின் அடியில் ஒரு கடும் நீலப் பட்டி ஓடும். வருகிறவர்கள் ‘நல்ல டிசைன்’ என்பார்கள். டிசைன் இல்லை, துணி குறைந்து போனதற்குப் போட்ட ஒட்டு. அதை ஏன் போட வேண்டி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். முதலில் அளவு.

தையல் நாடாவை ஒதுக்கி வையுங்கள். அது இழுபடும், நடுவில் தொய்யும். மேசன் பாஸ்மார் இடுப்பில் கொழுவியிருக்கிற இரும்பு அளவு நாடாதான் இதற்குச் சரி. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று துணி நாடாவோடு கதிரையில் ஏறாதீர்கள்.

கேர்ட்டன் கம்பியை முதலில் பூட்டிவிடுங்கள். அளக்க வேண்டியது யன்னலை அல்ல, கம்பியை. என் யன்னல் நிலையோடு சேர்த்து 72 அங்குலம். இரு பக்கமும் 6 அங்குலம் கூட விட்டேன், கம்பி 84. அந்த இடம் இருந்தால்தான் கேர்ட்டனை ஒதுக்கும்போது யன்னல் முழுதாகத் திறக்கும். திருகோணமலை வெக்கையில் வருகிற காற்றைத் துணியால் மறைக்க யாருக்கு மனம் வரும்? கம்பி இரும்பாக வேண்டாம். கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்றில் துருப்பிடித்து, அந்தக் கறை துணியில் ஏறும். நான் எவர்சில்வர் போட்டிருக்கிறேன். மரமும் பரவாயில்லை.

உயரத்தைக் கம்பியிலிருந்து நிலம் வரை மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றும் ஒன்றாக வராது. மிகக் குறைந்ததை எடுத்து, அதில் 1 அங்குலம் கழியுங்கள். நிலம் துடைக்கும்போது நனையாமல் இருக்கும். எனக்கு 88 வந்தது. மேல் மடிப்புக்கு 4, அடி மடிப்புக்கு 8 (நாலு நாலாக இரட்டையாக மடிக்க). மொத்தம் 100. அடி மடிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம், அந்தப் பாரம்தான் காற்றில் கேர்ட்டன் முகத்தில் அடிக்காமல் பிடித்து வைக்கும்.

சரி, இப்போது எல்லாருக்கும் தலை சுற்றுகிற இடம். நான் முதலில் யன்னலின் நீள அகலத்தைப் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி ஏதோ ஒரு எண்ணோடு நின்றேன். அது பெயின்ட் அடிக்கிற கணக்கு. துணி சுருளாக, ஒரே அகலத்தில் வருகிறது. நாங்கள் அதிலிருந்து நீட்டுப்பாட்டுக்குத் துண்டுகளாக வெட்டுகிறோம். எத்தனை துண்டு என்பதுதான் கேள்வி.

சுருக்கு விழ கம்பியின் இரண்டு மடங்கு அகலம் வேண்டும். 84-ஐ இரண்டால் பெருக்கினால் 168. கேர்ட்டன் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலம். சட்டைத் துணி என்றால் 45 இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். 168-ஐ 54-ஆல் வகுத்தால் மூன்றும் சொச்சமும். நான் மூன்றோடு நிறுத்தினேன். மூன்று துண்டு 162. அதில் ஓர மடிப்புகளுக்கு 8, மூட்டுக்கு 2 போனால் 152, அதாவது கம்பியின் 1.8 மடங்கு. கனமான துணிக்கு இது தாராளம். நெட் துணி என்றால் நாலு வாங்குங்கள், இல்லாவிட்டால் நுளம்பு வலை கட்டியது போல இருக்கும்.

மூன்றாவது துண்டை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து இடது வலதுக்கு ஒவ்வொன்று மூட்ட வேண்டும். பாதித் துண்டு சுவர்ப் பக்கம் போகட்டும், மூட்டு கண்ணில் படாது.

மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 100. ஆக 300 அங்குலம். ஒரு மீற்றர் 39.37 அங்குலம், எனவே 7.62 மீற்றர். கைகாவலுக்கு ஏழே முக்கால் என்று எழுதிக்கொண்டு மத்திய வீதிப் பக்கம் ஒரு துணிக்கடைக்குப் போனேன்.

“எவ்வளவு அக்கா?”

“ஏழே முக்கால்.”

கடைக்காரர் மேசையோரத்து அளவுகோலில் மளமளவென்று அளந்து வெட்டி, பையில் போட்டுத் தந்தார். வீட்டில் விரித்தால் 279 அங்குலம். அவர் வெட்டியது ‘யார்’ (கெஜம்) கணக்கில்! ஒரு யார் 36 அங்குலம்தானே. பிழை அவரில் இல்லை, நான் மீற்றர் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. மூன்றாக வெட்டினால் துண்டுக்கு 93. ஒவ்வொன்றிலும் 7 அங்குலம் குறைவு. ஊசி குத்திக் கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். வளர்ந்த பெடியன் போன வருசத்து லோங்ஸைப் போட்டுக்கொண்டு நிற்கிறது போல இருந்தது. திரும்பிப் போனால் அந்தச் சுருள் முடிந்துவிட்டது. அப்புறம் வந்ததுதான் நீலப் பட்டி.

அதனால் வீட்டில் எல்லாவற்றையும் அங்குலத்திலேயே எழுதுங்கள். கடையில் மீற்றரா யாரா என்று கேட்ட பிறகு மட்டும் மாற்றுங்கள். 300 அங்குலம் என்றால் யாரில் எட்டே கால் போதாது, எட்டரை வாங்க வேண்டும். பருத்தி என்றால் இன்னும் அரை மீற்றர் கூட எடுத்து, வெட்டுமுன் ஒருதரம் தண்ணீரில் போட்டுக் காயவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: பெரிய பூப்போட்ட துணிக்கும் இதே கணக்கா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ஒரு பூவின் தலையிலிருந்து அதே பூ திரும்ப வரும் இடம் வரை அளந்து பாருங்கள். அது 24 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டில் பூ பொருந்த வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டும் 24-இன் மடங்காக வெட்டப்பட வேண்டும். 100 அதில் அடங்காது, 120-க்குப் போக வேண்டும். மூன்று துண்டுக்கு 360 அங்குலம், சரியாகப் பத்து யார். வெறும் 4 அங்குலத்துக்காக 60 அங்குலம் வீண். நானென்றால் அடி மடிப்பை 8-இலிருந்து 4-ஆகக் குறைத்து, துண்டை 96-இல் நிறுத்துவேன். எட்டு யாரில் முடிந்துவிடும். மேலே கஞ்சத்தனம் வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான், ஆனால் இரண்டு யார் துணியின் விலையைப் பாருங்கள்.

இன்னொன்று: துணியிலேயே வளையம் அடித்து அதற்குள் கம்பியை நுழைக்கிற கேர்ட்டன் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் வளையங்கள் இரட்டை எண்ணில் வரட்டும். ஒற்றை எண்ணில் அடித்தால் ஒரு ஓரம் சுவரைப் பார்க்கும், மற்றது உங்களைப் பார்த்துத் துருத்திக்கொண்டு நிற்கும். மச்சாள் வீட்டில் ஒன்பது வளையம். இப்போது ஒரு ஓரத்தைச் சட்டை ஊசி குத்தி வைத்திருக்கிறா.