எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள்

நவம்பர் பிறந்தால் திருவாரூர்ப் பக்கம் பொது சேவை மையங்களில் நிற்க இடம் இருக்காது. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக 15ஆம் தேதிதான் கடைசி நாள். ஆதார், சிட்டா, அடங்கல், பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவார்கள். அப்படி ஒரு மையத்தை நடத்துகிறவன் என்ற முறையில், எந்த வேலையை முதலில் செய்வது என்பதில் நானே செய்த தவறுகளிலிருந்து சிலதைச் சொல்கிறேன்.

முதல் தவறு, "இதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்ற நினைப்பு. ஒருவருடைய சர்வே எண்ணைப் பதிந்துகொண்டிருந்தேன். "தம்பி, ஒரே ஒரு ஜெராக்ஸ்" என்றார் ஒரு பெரியவர். எழுந்தேன். அப்புறம் ஒரு கரண்ட் பில். திரும்பி வந்து உட்கார்ந்தவன் உட்பிரிவை மாற்றி அடித்துவிட்டேன். அந்த விவசாயி வீட்டில் ரசீதைப் படித்துப் பார்த்து, கடைசித் தேதிக்கு முன்பே ஓடி வந்ததால் தப்பித்தோம். இல்லாவிட்டால் வெள்ளத்தில் பயிர் போனாலும் இழப்பீடு சிக்கலாகியிருக்கும். விட்டுவந்த வேலையிலேயே கொஞ்சம் கவனம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதியிருக்கிறார். எனக்கு அதை ஒரு ஜெராக்ஸ் மிஷின் சொல்லிக்கொடுத்தது.

அடுத்தது, எல்லோரையும் சமமாகத் திருப்திப்படுத்தப் பார்ப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்கிறார்கள்? காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைக்கிறார்கள். எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டால் கடைமடைக்கு ஒரு சொட்டும் போகாது. ஒரு நாளில் நமக்கு இருக்கும் நேரமும் அந்த அளவுதான்.

சத்தமாகக் கேட்பவரின் வேலையை முக்கியம் என்று நினைப்பதும் உண்டு. பான் கார்டுக்கு வந்தவர் கோபமாகப் பேசுவார். அவருக்கு நாளைக்குச் செய்தாலும் ஒன்றும் ஆகாது. காப்பீட்டுக்கு வந்தவர் ஓரமாக நிற்பார். தேதி தாண்டினால் அவருக்கு அந்தப் போகத்துக்கே பாதுகாப்பு இல்லை.

"இந்த வாரம் நல்லா வேலை பார்க்கணும்" என்பதையெல்லாம் முன்னுரிமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "மதியம் வரை காப்பீடு மட்டும்" என்றால் சரி, அதைச் செய்ய முடியும்.

எதை முதலில் செய்வது என்று முடிவு செய்துவிட்டு, அதை மனதுக்குள் வைத்துக்கொள்வதுதான் என் பெரிய தவறு. வந்தவருக்கு எப்படித் தெரியும்? முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு "முடியாது" என்றால் சண்டைதான் வரும். இப்போது வாசலில் அட்டை தொங்குகிறது: "15ஆம் தேதி வரை ஜெராக்ஸ், பில் எல்லாம் மதியம் 3 மணிக்கு மேல்." இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு 3 மணிக்கு வந்தார்.