நார்மல் வகையை ஒதுக்காதீர்கள்
மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்காக நின்றபோது அக்கா மகன் போக்கிமான் வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தான். அணியில் இருந்த ஆறு பிராணிகளும் நெருப்பு வகை, டிராகன் வகை என்று ஒரே பகட்டு. "நார்மல் எல்லாம் டம்மி மாமா" என்றான்.

அப்படியில்லை. மொத்தமுள்ள 18 வகைகளில் நார்மலுக்கு ஆகாதது ஃபைட்டிங் ஒன்றுதான். கோஸ்ட் வகை அடி அதன் மேல் படவே படாது. நார்மல் வகைப் பிராணியான ஸ்நார்லாக்ஸைப் பாருங்கள்: ஹெச்பி, அதாவது உயிர்ச்சக்தி, 160, வேகம் வெறும் 30. ஆமைதான், ஆனால் அதைச் சாய்ப்பதற்குள் எதிராளிக்கு மூச்சு வாங்கிவிடும். அதன் பாடி ஸ்லாம் என்ற அடி விழுந்தால் எதிரி முடங்கிப்போக 30 சதவீத வாய்ப்பு வேறு.

சரி, குறையும் உண்டு. நார்மல் அடி பாறை, ஸ்டீல் வகைகளிடம் பாதிதான் ஏறும். கோஸ்டிடம் சுத்தமாக ஏறாது. அதை ஈடுகட்ட எர்த்குவேக், கிரஞ்ச் என்ற வேறு வகை அடிகளையும் கூடவே கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

பஸ் வருவதற்குள் பயல் ஒரு டிராகனைக் கழற்றிவிட்டான்.